சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டினால் கேஷியர் என்ன செய்வது?

கல்லாப்பெட்டி_மதுரை:
மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நாலு வருடமாக பில் கவுன்ட்டரில் இருக்கிறேன். போன சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி, என் வரிசையில் மட்டும் பன்னிரண்டு பேர். ஒரு பெரியவர் 640 ரூபாய் பில்லுக்கு மஞ்சப்பையை அவிழ்த்து மேசையில் கொட்டினார். எல்லாம் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்க் காசுகள். "ஐயா, கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள், இவர்களை அனுப்பிவிட்டு எண்ணுகிறேன்" என்றேன். சாமான்களை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் செய்தது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் குறைந்தாலும் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். கூட்ட நேரத்தில் 100 ரூபாய்க்கு மேல் சில்லறை வாங்குவதில்லை என்று கடைகள் போர்டு வைத்தால் என்ன?

பூக்காரம்மா_மகன்:
அக்கா, தப்புதான். என் அம்மா கோயில் வாசலில் பூ விற்கிறார். கையில் சேருவது காசுதான். ராத்திரி உட்கார்ந்து பத்துப் பத்தாக அடுக்கி, பேப்பரில் சுற்றி வைப்பார். அதைக் கடைக்குக் கொண்டுபோனால் முகம் சுளிக்கிறார்கள். வங்கியில் கேட்டால் மத்தியானம் வா, நாளைக்கு வா. அந்தப் பெரியவர் உங்களிடம் வருவதற்கு முன் எத்தனை இடத்தில் "ஓரமாக நில்" என்ற பேச்சைக் கேட்டிருப்பாரோ.

வக்கீல்_குமாஸ்தா:
போர்டு வைக்கலாமா என்பதற்கு மட்டும் பதில். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும். 50 காசு 10 ரூபாய் வரை. ஆகவே 640 ரூபாய் செல்லுகிற பணம்தான். 1,000-க்கு மேல் போனால் மறுக்க உங்களுக்கு இடம் உண்டு.

கல்லாப்பெட்டி_மதுரை:
செல்லாது என்று நான் சொல்லவே இல்லையே சார். காத்திருக்கத்தான் சொன்னேன். எண்ணும்போது தவறினால் யார் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறதா?

தராசு_தம்பி:
எண்ணுவானேன்? எடை போட்டுவிடலாம். ரிசர்வ் வங்கியே வங்கிகளிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எடை போட்டு வாங்கச் சொல்லியிருக்கிறது.

கல்லாப்பெட்டி_மதுரை:
தம்பி, ஒரு ரூபாய்க் காசு ஒரே மாதிரியாகவா இருக்கிறது? பழைய ஸ்டீல் காசு 4.85 கிராம். 2011-இல் வந்தது 3.79. 2019-இல் வந்தது 3.09. இதில் கொடுமை என்னவென்றால் 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் அதே 4.85 கிராம், அதே 25 மில்லிமீட்டர். பழைய ஒரு ரூபாயும் அதுவும் கலந்துவிட்டால் தராசுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு. இத்தனை காசையும் அப்படிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பின்னால் நிற்பவர் கைக்குழந்தையோடு நிற்கிறார். அவரும் வாடிக்கையாளர்தானே.

நெல்லை_மளிகை:
இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் சில்லறைக்காகக் கமிஷன் கொடுத்து அலைந்தோம். மிச்சத்துக்கு மிட்டாய் கொடுத்துச் சமாளித்தோம், அது தப்பு என்று தெரிந்தே. இன்றைக்குப் பாதிப் பேர் போனில் பணம் போடுகிறார்கள். அதனால் வந்த காசு கல்லாவிலேயே தங்குகிறது. 10 ரூபாய்க் காசை ஏஜென்ட் வாங்க மாட்டேன் என்கிறான். 14 வகை டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே அறிவித்தும் அது செல்லாது என்ற வதந்தி எங்கள் பக்கம் சாகவில்லை. 2022-இல் அரூர்க்காரர் ஒருவர் 6 லட்சம் ரூபாய்க்கு 10 ரூபாய்க் காசாகவே கொடுத்து கார் வாங்கினாரே, அவர் வீட்டுக் கடையில் கொடுத்த அந்தக் காசை வாடிக்கையாளர் யாரும் வாங்கவில்லை என்ற வருத்தத்தில்தான். கேஷியர் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போர்டு வைப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாரும் வைத்தால் பூக்காரம்மா எங்கே போவார்?

கல்லாப்பெட்டி_மதுரை:
சரி அண்ணாச்சி, போர்டு யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் எண்ணாமல் வாங்க மாட்டேன். பூக்காரம்மா பத்துப் பத்தாகச் சுற்றிக் கொண்டுவந்தாலும் பிரித்துத்தான் பார்ப்பேன். கூட்டம் இருந்தால் காத்திருக்கவும் சொல்வேன். இதில் மாற்றம் இல்லை.

பூக்காரம்மா_மகன்:
எண்ணுங்கள் அக்கா, அம்மாவும் எண்ணித்தான் வாங்குவார். காத்திருக்கச் சொல்வதும் சரி. அம்மாவுக்கு முழங்கால் வலி. அரை மணி நேரம் நிற்க வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கல்லாப்பெட்டி_மதுரை:
எனக்கு ஒரு ஸ்டூல் இருக்கிறது தம்பி. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு கொடுத்தார்கள். அதுவரை நின்றுகொண்டேதான் பில் போட்டேன், அந்த வலி எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் திரும்ப வந்தால் ஸ்டூலை வெளியே எடுத்துப் போடுகிறேன்.