சென்னையிலிருந்து பெங்களூரு: கரண்ட், தண்ணீர், கேஸ் செலவு எவ்வளவு மாறும்?

வேளச்சேரி வாசி:
வணக்கம். ஆபீஸ் மாற்றலில் ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிபோகிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வாடகை நிலவரம் ஓரளவு தெரிந்துவிட்டது, மற்ற பில்கள்தான் பிடிபடவில்லை. இங்கே இரண்டு மாதத்துக்கு 480, 490 யூனிட் ஓடும், 1,800 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கே 200 யூனிட் இலவசம், நம்மூரில் 100தான், அதனால் கரண்ட் செலவே இருக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. அங்கே குடித்தனம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

கே.ஆர்.புரம் தம்பி:
அக்கா, உங்கள் சந்தேகம் சரிதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், எவ்வளவு ஓட்டினாலும் அந்த 100 கழிந்துவிடும். இங்கே 200 என்பது ஒரு மாதத்துக்கு, ஆனால் 200-ஐத் தாண்டினால் சலுகையே கிடையாது, முழு பில்லையும் கட்டணும். அதுபோக எல்லாருக்கும் 200 கிடைப்பதில்லை. 2023-இல் கிருஹ ஜோதி என்ற இந்த இலவச மின்சாரத் திட்டத்தை ஆரம்பித்தபோது அந்த இணைப்பின் முந்தைய வருடச் சராசரியோடு கொஞ்சம் சேர்த்துத்தான் இலவச அளவு வைத்தார்கள். பழைய கணக்கே இல்லாத புது வீடு என்றால் மாநிலச் சராசரியான 53 யூனிட்டை ஒட்டித்தான் கிடைக்கும், மிச்சத்துக்குக் காசு. நீங்கள் இப்போது ஓட்டுவதுபோல மாதம் 240 யூனிட் ஓட்டினால் 2025 ஏப்ரல் விலைப்படி யூனிட்டுக்கு 5.80, அதன்மேல் மின் ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு என்று 36 பைசா, இதுவே 1,480 ரூபாய்க்கு வந்துவிடும். கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணமும் வரியும் தனி. எல்லாம் சேர்த்தால் சென்னையில் இரண்டு மாதத்துக்குக் கட்டுகிற அளவுக்கே வந்துவிடும், அதை இங்கே மாதாமாதம் கட்டணும்.

ஆனால் 200-க்குள் நிற்பது முடியாத காரியமில்லை. இந்த ஊரில் ஏசி அவ்வளவாகத் தேவைப்படாது, கீசர்தான் யூனிட்டை விழுங்கும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிற வீடாகப் பாருங்கள். அப்புறம், முன்னால் குடியிருந்தவர் இலவசத் திட்டத்துக்காகப் பதிந்த தன் ஆதாரை அந்த மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மகாதேவபுரா அம்மா:
கரண்டை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட்கள் பல வருடமாக போர்வெல், டேங்கர் இரண்டையும் நம்பித்தான் ஓடின. 2024 கோடையில் நிலைமை முற்றிப் போய், 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய்தான் என்று மாவட்ட நிர்வாகமே விலை வைத்தது. அந்த வருடம் அக்டோபரில் காவிரிக் குடிநீர் ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் திறந்தார்கள், ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இணைப்பு வாங்கியிருக்கிறார்களா என்பது வேறு விஷயம். டேங்கர் காசு தனி பில்லாக வராது, மெயின்டனன்ஸில் கலந்து வரும். கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என்று போன வருட மெயின்டனன்ஸ் ரசீது இரண்டைக் காட்டச் சொல்லுங்கள், உங்களுக்கே புரிந்துவிடும். கேஸைப் பற்றிக் கவலை வேண்டாம், 2025 ஏப்ரல் விலையில் சென்னையில் சிலிண்டர் 868.50, இங்கே 855.50. பதின்மூன்று ரூபாய்க்காக யாரும் ஊர் பார்த்துக் குடிபோகப் போவதில்லை.

கொச்சிக்காரன்:
இடையில் கேரளத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். இங்கேயும் இரண்டு மாதத்துக்கு ஒரு பில்தான். மாதம் 250 யூனிட் வரைக்கும் படிப்படியாக விலை ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை, அதனால் இரண்டு ஏசி ஓடுகிற வீட்டில் ஏப்ரல், மே பில்லைப் பார்த்தால் வயிறு எரியும். தண்ணீருக்கு 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள், ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. சொந்தக் கிணறு இருக்கிற வீடுகளுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை.

போரூர் குடித்தனக்காரர்:
தங்கச்சி, சென்னையிலும் எல்லாருக்கும் உங்கள் கணக்கு பொருந்தாது. எங்கள் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். 490 யூனிட்டுக்கு நீங்கள் 1,742 கட்டுகிற இடத்தில் நான் 4,410 கட்டுகிறேன், இலவச 100 யூனிட்டும் அவருக்குத்தான் போகிறது. இது பெரிய அநியாயம், கேட்டால் காலி பண்ணு என்பார். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் தனி இணைப்பா, அதன் எண் என்ன, பில் யார் பெயரில் வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். நீங்களும் 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய் என்பது போய் அதற்கும் 4.70 விழும், அதிலேயே 235 ரூபாய் கூடிவிடும்.

வேளச்சேரி வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை வீடு பார்க்கப் போகிறோம். சோலார் ஹீட்டர், தனி மீட்டர், காவிரி இணைப்பு, மெயின்டனன்ஸ் ரசீது, நாலையும் கேட்டுவிட்டுத்தான் வாடகையே பேசப் போகிறேன். மாமியாருக்குக் காலையும் மாலையும் வெந்நீர் வேண்டும், கீசர் இல்லாமல் சோலார் மட்டும் மழைக்காலத்தில் போதுமா தம்பி?

கே.ஆர்.புரம் தம்பி:
ஜூலை, ஆகஸ்டில் போதாது அக்கா, வெயிலே இருக்காது. அந்த இரண்டு மாதமும் கீசர் போடத்தான் வேண்டியிருக்கும், பாக்கி மாதங்களில் சமாளித்துவிடலாம்.