கொழும்புச் சத்தத்துக்குள் சும்மா இருக்கப் பழகுவது: தியானக் குழு உறுப்பினர்கள் எழுதியவை

வெள்ளவத்தையிலிருந்து:

தியானத்துக்கு இருக்கும்போது "எல்லாத்தையும் விடு" என்றால் ஒருத்தராலும் விட ஏலாது. எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியாதே. அதனால் மனதை இப்போதைக்கு விட்டுவிட்டு உடம்பில் தொடங்குங்கோ.

கண்ணை மூடினதும் முதல் வேலை நாக்கைப் பார்ப்பது. நுனி மேலண்ணத்தில் அழுந்தியிருக்கும், அல்லது பல்லோடு முட்டிக்கொண்டிருக்கும். உள்ளுக்குள் கதைக்கும்போது சத்தம் வராவிட்டாலும் நாக்கும் தொண்டையும் லேசாக இழுபடும். மூச்சு வெளியே போகும் நேரம் நாக்கைக் கீழ்த்தாடைக்குள் தளர விடுங்கோ. உள்ளே ஓடுகிற கதை ஒரு கணம் அறுபடும். கொஞ்ச நேரத்தில் நாக்கு திரும்ப ஒட்டும், கதையும் திரும்பத் தொடங்கும். பரவாயில்லை, அந்த அறுபட்ட இடத்தை அடையாளம் தெரிந்தால் போதும். பிறகு தாடை, தோள், கைவிரல், அடிவயிறு என்று கீழே இறங்குங்கோ. ஒவ்வொன்றுக்கும் மூன்று மூச்சு. அடிவயிறுதான் கடைசியாக இளகும். வயிறு தெரியக்கூடாது என்று உள்ளே இழுத்தே பழகினவர்களுக்கு இன்னும் சுணங்கும்.

இருக்கை: பாயில் நாலு முதல் ஆறு அங்குல உயரத்துக்கு இறுக்கமான தலகணி. அதன் முன்பக்கத்தில் இருந்தால் முழங்கால் இடுப்பை விடத் தாழ நிற்கும், முதுகு தானாக நிமிரும். பஞ்சுத் தலகணி அமுங்கிவிடும், பத்து நிமிடத்தில் கூன் விழும். கால் விறைப்பதற்குப் பெரும்பாலும் நரம்பு அமுக்குப்படுவதுதான் காரணம். விறைத்த காலோடு சட்டென்று எழும்பினால் கணுக்கால் பிசகும், நீட்டி வைத்து உணர்ச்சி வந்த பிறகு எழும்புங்கோ. கதிரையும் நல்லதுதான், பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படவேண்டும். ஃபேன் காற்று முகத்தில் அடிக்க விடாதேங்கோ. தொடக்கத்தில் இருபது நிமிடம் போதும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது போகட்டும், இல்லாவிட்டால் நித்திரைதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

"அமைதியான இடம் எங்கே?" என்று கேட்டிருந்த தம்பிக்கு: கொழும்பில் தேடாதேங்கோ. பெய்ரா ஏரியில் உள்ள பௌத்த தலமான சீமா மாலகையில் ஏரிக்காற்று இருக்கும், ஆனால் போயா (பௌர்ணமி) நாளில் சனம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் முழுக்கக் கருங்கல், வெயிலுக்கு இதம். பூசை நெரிசல் கலைந்த பிறகு ஒரு தூணோரம் இருக்கலாம். மற்றப்படி வீடுதான்.

வீட்டில் வருகிற சத்தத்துக்கு உதாரணமாகச் சூன் பாண் ஆட்டோவை, அதாவது மெட்டு ஒலிக்கவிட்டுப் பாண் விற்கிற ஆட்டோவை, எடுங்கோ. அந்தப் பீத்தோவன் மெட்டு ஒழுங்கை முனையில் தொடங்கும்போது நடப்பதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று துண்டு. காதில் விழுகிற ஒலி ஒன்று. புருவமும் தோளும் இறுகுவது இரண்டாவது. "இவன் எப்ப போவான்" என்ற பேச்சு மூன்றாவது. முதலாவது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது உங்களை அறியாமலே வரும், கண்டவுடன் தளர்த்தலாம். அதைத் தளர்த்தினால் மூன்றாவதுக்குப் பிடிமானம் குறையும். வரிசையை மாற்றி முதலில் பேச்சை நிறுத்தப் பார்க்கிறவர்கள்தான் களைத்துப்போகிறார்கள். மெட்டு தேய்ந்து கேட்காமல் போகிற வரைக்கும் பின்தொடருங்கோ. கடலோர ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி நாள் முழுக்க இலவசம்.

தெஹிவளையிலிருந்து:

ஒரே இருப்பில் இரண்டு முறையைக் கலக்காதேங்கோ. இங்கே பலர் தடுக்குவது இதில்தான்.

தெல்கொடைக்குப் பக்கத்தில் உள்ள கந்துபொடை நிலையத்தில் சொல்லித்தருவது பர்மாவின் பௌத்த துறவி மகாசி சயாடோவின் வழி. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, நினைப்பு வந்தால் "நினைப்பு, நினைப்பு" என்று மெல்லக் குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்புவது. குறிக்கிற தொனியைக் கவனியுங்கோ. அது நாயைத் துரத்துகிற மாதிரி இருந்தால் விடவில்லை, சண்டை பிடிக்கிறீர்கள்.

1896இல் திருவண்ணாமலை வந்த ரமணர் காட்டிய வழி வேறு. நினைப்பு வந்ததும் "இது யாருக்கு?" என்று கேட்பது. "எனக்கு" என்று வரும். அந்த "நான்" எங்கிருந்து எழுகிறது என்று கவனத்தை உள்ளே திருப்புவது. "நான் ஆன்மா" என்று ஒரு பதிலைச் சொல்லி முடித்தால் இன்னொரு நினைப்பைச் சேர்த்ததுதான் மிச்சம்.

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி (1872–1964) சொன்ன "சும்மா இரு" என்பதை வேலையை விடுவதாக எடுக்கிறவர்கள் உண்டு. அவரே கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்தைப் பொறுப்பாகப் பார்த்தவர். கை வேலை செய்யட்டும், "நான் செய்கிறேன், எனக்குப் பேர் வரவேண்டும்" என்ற ஓட்டம் நிற்கட்டும் என்றுதான் நான் எடுக்கிறேன். பாத்திரம் கழுவும்போது பழகிப் பார்க்கலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

மூச்சுக்கணக்கு பற்றிச் சுருக்கமாக. 16–64–32 (16 எண்ணி உள்ளே, 64 எண்ணும்வரை அடக்கி, 32 எண்ணி வெளியே) என்ற திருமந்திரக் கணக்கை யூடியூபில் பார்த்துவிட்டு நேரே 64 எண்ணும்வரை மூச்சை அடக்குகிறார்கள். தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். குரு இல்லாமல் அடக்கவே வேண்டாம். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு மெல்ல இறங்கும், அவ்வளவுதான் தேவை. பிரஷர் மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கோ.

மீண்டும் கொட்டாஞ்சேனையிலிருந்து:

மைத்துனரோடு உள்ள காணிச் சண்டை மனதை விட்டுப் போகுதில்லை, அதை எப்படி விடுவது என்று கேட்ட அக்காவுக்கு: வழக்கை விடச் சொல்லவில்லை. வழக்கு ஃபைலைச் சட்டத்தரணியிடம் போகிற நாளில் எடுங்கோ. விடவேண்டியது ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் நடக்கிற வழக்கைத்தான். அதில் நீதவானும் நீங்கள்தான், எதிராளியும் நீங்கள்தான். ஒரு துண்டில் அடுத்துச் செய்யவேண்டிய ஒரே காரியத்தைத் திகதியோடு எழுதி வையுங்கோ. திரும்ப மனம் அந்தக் கதையை எடுத்தால், அந்தத் துண்டுக்கு மேல் இன்று செய்ய ஏதும் உண்டா என்று பாருங்கோ. இல்லையென்றால் வாதத்தை விட்டு நெஞ்சில் எந்த இடம் சூடாக இருக்கிறது என்று தேடுங்கோ. அந்தச் சூடு நகரும், கூடும், குறையும். மைத்துனர் சொன்ன வசனத்தை மட்டும் திரும்பச் சொல்லாதேங்கோ, அதுதான் விறகு. குடும்ப வாட்ஸ்அப் குழுவை அந்த நேரம் மியூட்டில் போடுவதும் பயிற்சிதான்.

கண்ணை மூடினால் போர்க்கால ஞாபகங்கள் எழுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முதற்படி அல்ல. கண்ணைத் திறந்து வையுங்கோ, பாதத்தை நிலத்தில் அழுத்துங்கோ, அறையில் தெரிகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கோ. இருப்பதை விட நடப்பது நல்லது, காலிமுகத்திடலில் வெளிச்சம் இருக்கிற நேரம், பக்கத்தில் ஒருவரோடு. நித்திரை தொடர்ந்து குழம்பினால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.