வெள்ளச்சி அழவே இல்லை. அதைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்

பெரம்பூர்:

எங்கள் வெள்ளச்சிக்கு ஒன்பது வயது. பொமரேனியன் கலப்பு நாய், 9 கிலோ. ஐப்பசியில் குளிப்பாட்டும்போது, பின்னங்கால் பக்கத்துக் காம்புக்கு அடியில் பட்டாணி அளவு ஒன்று கையில் தட்டுப்பட்டது. கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பார்த்தால் எலுமிச்சை அளவு. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

டாக்டர் ஒவ்வொரு காம்பாக அழுத்திப் பார்த்தார். பெரும்பாலும் ஐந்து ஜோடி இருக்குமாம், கடைசி இரண்டு ஜோடியில்தான் கட்டி அதிகம் வருமாம். மூன்றாவதிலும் மிளகு போல ஒன்று இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க. இரண்டு பக்கமும் படுக்க வைத்து, பிறகு நேராக, மொத்தம் மூன்று படம். நல்லவேளை, சுத்தமாக இருந்தது. வலப்பக்கக் காம்பு வரிசை முழுவதையும் எடுக்க முடிவானது.

செலவு எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் கேட்டேன். வலிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவரே சொன்னார்: மயக்கத்துக்கு முன்பே ஒரு வலி ஊசி, கத்தி வைக்கும் இடத்தில் தோலுக்கு அடியில் மரத்துப்போகும் மருந்து கலந்த குளிர்ந்த திரவம், பிறகு வீக்கம் குறைக்கும் மருந்து. "வலி வந்தப்புறம் அடக்கறது கஷ்டம்மா. வர்றதுக்கு முன்னாடியே தடுத்துடணும்."

அக்குளில் ஆரம்பித்துத் தொடை இடுக்கு வரை தையல். அன்று ராத்திரி அவள் முனகக்கூட இல்லை. ஃப்ரிட்ஜ் ஓரம் முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டே இருந்தாள். ஃபேனுக்கு நேராக நின்றும் இரைத்தது. அம்மா, "பாவம், சமத்தா இருக்கா பாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சும்மா தகவல் சொல்லலாம் என்று போன் செய்தால், டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "படுத்தாளா?" அடுத்து, "தையலுக்குப் பக்கத்துல மெதுவா கை வச்சுப் பாருங்க." வைத்தேன். கையைத் திரும்பிப் பார்த்து உதட்டை நக்கினாள். "உடனே கூட்டிட்டு வாங்க."

அங்கே, நாய்க்கு வலி எவ்வளவு என்று கணக்கிடும் கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒரு தாள் வைத்து மார்க் போட்டார்கள். மொத்தம் 24, ஆறு வந்தாலே கூடுதல் மருந்து கொடுக்க வேண்டுமாம். வெள்ளச்சிக்கு ஒன்பது. ஊசி போட்டு அரை மணி நேரத்தில் மடங்கி உட்கார்ந்தாள், பக்கவாட்டில் சாய்ந்தாள், நான்கு காலையும் நீட்டி ஒரு பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கோவை:

அக்கா, நான் செஞ்ச தப்பையும் சொல்லிடறேனுங்க. எங்க லேப்ராடருக்கு இதே ஆபரேஷன். டாக்டர் மெலாக்சிகாம்னு ஒரு வலி மருந்து எழுதியிருந்தார். மூணாம் நாள் நடக்கச் சிரமப்பட்டாள்னு அப்பாவோட மூட்டுவலி மாத்திரை டைக்ளோபினாக்ல பாதி சேர்த்துக் கொடுத்துட்டேன். மறுநாள் வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம். வயித்துல புண்ணாகி ரத்தம் கசிஞ்சிருக்கு. அஞ்சு நாள் டிரிப்ஸ் ஏத்திப் பொழைக்க வச்சாங்க. மனுசங்க வலி மாத்திரையைத் தயவுசெஞ்சு தொடாதீங்க. பத்தலைன்னா போன் பண்ணிக் கேளுங்க.

திண்டுக்கல்:

எங்க மணிக்குக் கட்டி என்று தனியாக இல்லை. அடிவயிறு முழுக்கச் சிவந்து, சுட்டு, பலகையாக இருந்தது. பால் கட்டியிருக்கிறது என்று மஞ்சள் பத்துப் போட்டோம். டாக்டர் பார்த்ததுமே கத்தி வைக்க மறுத்துவிட்டார். அழற்சியோடு வரும் இந்த வகைப் புற்றுநோயில் அறுத்தால் பலன் இல்லை, வலியை மட்டும் குறைப்போம் என்றார். ஏழு வாரம் இருந்தாள். கடைசி வாரம் வரை வாசலில் வெயில் காய்ந்தாள், சோறு தின்றாள். அந்த மருந்து இல்லையென்றால் அதுவும் கிடைத்திருக்காது.

பெரம்பூர்:

தம்பி, உங்கள் பிள்ளை பிழைத்ததே பெரிது. மணிக்காக மனசு கனக்கிறது.

கருத்தடை செய்யாததையும் சொல்ல வேண்டும். கருத்தடை செய்யாத நாய்க்கு இந்தக் கட்டி வரும் ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன்பே செய்த நாய்க்கு அது 0.5, ஒரு பருவம் கழிந்து செய்தால் 8, இரண்டு கழிந்து செய்தால் 26 என்று 1969இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னதாம். அதன் ஆதாரம் பலவீனம் என்று பின்னால் வந்தவர்கள் எழுதியிருப்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். எடுத்த கட்டிகளைப் பரிசோதித்ததில் பெரியது புற்றுநோய், மிளகு அளவு இருந்தது சாதாரணக் கட்டி. வெட்டிய ஓரங்களில் புற்று மிச்சம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. இப்போது ஞாயிறுதோறும் அவளை மல்லாத்திப் போட்டு, இடப்பக்கம் ஐந்து காம்பையும் விரலால் உருட்டிப் பார்க்கிறேன். வயிற்றைச் சொறிகிறேன் என்று நினைத்துக் காலை ஆட்டுகிறாள்.