குளிர்ந்த கையை மட்டும் நம்பாதீங்க: மலையில் நோயாளியைச் சோதிப்பது பற்றி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதலில் உதவிக்குப் போகிறவர்களின் குறிப்புகள் இவை.

ஹற்றன் பக்கத்திலிருந்து:
தேயிலை மலைச் சரிவில் விழுந்து கிடப்பவரிடம் மேலிருந்து நேராக இறங்கிப் போகக் கூடாது. காலில் தட்டுப்படும் கல் அவர் தலையில்தான் உருளும். பக்கவாட்டாகப் போங்கள். கிட்டப் போனதும் முதல் கேள்வி, "அம்மா, பேரென்ன? என்ன நடந்துச்சு?" முழு வாக்கியமாகப் பதில் வந்தால் சுவாசப்பாதை திறந்திருக்கிறது, மூச்சு இருக்கிறது, மூளைக்கு இரத்தம் போகிறது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால் மூச்சு போதவில்லை. பதிலே இல்லாமல் குறட்டைச் சத்தம் வந்தால் நாக்கு பின்னால் விழுந்திருக்கும். கொளகொளவென்றால் வாயில் இரத்தமோ வாந்தியோ இருக்கும். விழுந்தவருக்குத் தலையைப் பின்னால் சாய்க்காமல், தாடையின் இரு கோணங்களையும் முன்னால் தள்ளித்தான் பாதையைத் திறக்க வேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம்.

இரத்தம் பீறிட்டால் மட்டும் இந்த வரிசை மாறும். முதலில் அதை அழுத்திப் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நுவரெலியாவிலிருந்து:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்க்கணும். எங்கள் ஊர் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். மழையில் நனைந்த ஆளின் விரல் எப்போதும் குளிர்ந்து வெளுத்துத்தான் இருக்கும். நகத்தை 5 விநாடி அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும் என்பது பாடம். குளிரில் நல்ல ஆளுக்கும் அது பிந்தும். அதனால் நெற்றியிலோ நெஞ்செலும்பின் மேலோ அழுத்திப் பாருங்கள். இரத்தத்தில் உள்ள ஒக்சிசனை விரலில் மாட்டி அளக்கும் ஒக்சிமீற்றரும் குளிர்ந்த விரலில் பிழையாகக் காட்டும், சில நேரம் ஒன்றுமே காட்டாது. விரலைச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள், அல்லது காதுமடலில் பிடிக்கும் கருவி இருந்தால் அதைப் பாவியுங்கள். எண்ணைவிட மூச்சை நம்பலாம். நாடியைப் பிடித்தபடியே, சொல்லாமல் நெஞ்சைப் பார்த்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சரி. 30ஐத் தாண்டினாலும் 10க்குக் கீழ் போனாலும் ஆபத்து.

கொழுந்து எடுக்கும் அக்காமார் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த படங்குத் துணியை அவிழ்க்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தொடையில் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் கத்தி) வெட்டினால் இரத்தம் உள்ளேயே ஊறும், வெளியே ஒன்றும் தெரியாது. அவிழ்த்துப் பாருங்கள், முதுகுக்கு அடியிலும் கையை விட்டுப் பாருங்கள். பார்த்த உடனே காய்ந்த கம்பளியால் மூடுங்கள். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைவதும் குறையும்.

பதுளையிலிருந்து:
குளவிக்கொட்டு பற்றி. கூட்டம் கலையும் வரை கிட்டப் போகாதீங்க, நீங்களும் விழுந்தால் ரெண்டு நோயாளி. நம்ம ஆட்கள் குளவி என்று சொல்வதில் பாதி மலைத்தேனீதான். அது கொடுக்கை விட்டுப் போகும், நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சை இறக்கும். நகத்தாலோ எதாலோ உடனே எடுங்கள், எப்படி எடுப்பது என்று யோசிப்பதில் நேரம் போகக் கூடாது.

பார்க்க வேண்டியது வீக்கத்தை அல்ல. குரல் கரகரக்கிறதா, நாக்கு தடிக்கிறதா, இழுப்புச் சத்தம் வருகிறதா, தலை சுற்றுகிறதா, வயிறு பிசைந்து வாந்தி வருகிறதா? தோலில் தடிப்பு வராமலேயே ஒவ்வாமை அதிர்ச்சி வரும். பயிற்சி பெற்றவர் கையில் அட்ரினலின் ஊசி இருந்தால் வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும்.

தோளில் கைபோட்டு றோட்டு வரைக்கும் நடத்திக்கொண்டு போவதை தயவுசெய்து நிறுத்துங்க. இரத்த அழுத்தம் விழுந்த ஆளை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, இதயம் அங்கேயே நின்றுவிடலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, கம்பளியிலும் ரெண்டு கம்பிலும் தூக்குங்கள். மூச்சு முட்டினால் மட்டும் காலை நீட்டி உட்கார விடலாம். நிறையக் கொட்டு வாங்கியவர் தேறிவிட்டார் என்றும் வீட்டுக்கு அனுப்பாதீங்க. பிறகு பால் விடாத பிளேன்டீ நிறத்தில் சிறுநீர் போனால் தசை கரைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

பண்டாரவளையிலிருந்து:
அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைக்கும்போது தோட்டப் பெயர் மட்டும் போதாது. மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எத்தனையாம் நம்பர் மலை, லொறி எது வரைக்கும் வரும் என்று சொல்லி, ஒருவரை றோட்டில் நிறுத்துங்கள்.

மயக்கத்தில் இருப்பவருக்கு இரத்தத்தில் சீனி அளவு பார்க்காமல் "குடிச்சிருக்காரு" என்று முடிவு கட்டக் கூடாது. அது 70 mg/dLக்குக் கீழ் இருந்து, விழுங்க முடிந்தால் சீனி போட்ட தண்ணீர். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க. பக்கவாதத்தில் வாய் கோணி, கை விழுந்திருந்தால் கடைசியாக நல்லபடி இருந்த நேரத்தைக் கேளுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) விடியக் கண்டால் அது எழும்பிய நேரமல்ல, ராத்திரி படுத்த நேரம்.

நாடி, மூச்சு, நினைவு மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள், ஆபத்தான ஆளுக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை. தாள் நனைந்துவிடும், கையுறையின் மேலேயே பேனாவால் எழுதலாம். அம்புலன்ஸில் ஏற்றும்போது கழற்றி எறிய முன் வாசித்துக் காட்டுங்கள்.