லேடாங் மலை: இறங்கும்போது மட்டும் முழங்கால் வலி

நானும் மனைவியும் அடுத்த மாதம் மலேசியாவின் ஜொகூரில் உள்ள குனோங் லேடாங்கை (1,276 மீட்டர்) ஒரே நாளில் ஏறி இறங்கப் போகிறோம். ஏறும்போது எனக்கு ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் வலது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. 5 வாரமாக இப்படி. சிங்கப்பூரில் உள்ள 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றில் மூன்றாவது சுற்றிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அடுக்குமாடி புளோக் படியில் 15 மாடி இறங்கினாலும் அதேதான். வீக்கம் இல்லை, மறுநாள் சரியாகிவிடும்.

2 வாரம் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், முழங்கால் பட்டை, புதுக் காலணி எல்லாம் பார்த்தாயிற்று. ஊன்றுகோல் வைத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் லேடாங்கில் கயிறும் ஏணியும் பிடித்து இறங்கும் இடங்களில் அது உதவாது. மனைவி 6 மாதமாக ஆசையாகப் பயிற்சி செய்கிறாள், அவளைப் பாதியில் திருப்ப மனம் வரவில்லை.

இதே வலி இருந்து மீண்டவர்கள், எந்தப் பயிற்சி செய்து சரியாக்கினீர்கள்?