‘காம்ப்ட்ரோலர்’ பதவிக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

நேப்பர்வில்லிலிருந்து:

அவையோருக்கு வணக்கம். எங்கள் பகுதியில் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெரியவர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். 2026 நவம்பர் 3ஆம் நாள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தேர்தலில் எந்தப் பதவிக்கு என்ன வேலை என்பதை நான்கு பக்கத்தில் சொல்ல வேண்டும். ஆளுநர், தலைமை வழக்கறிஞர், மாநிலச் செயலாளர் வரை சிக்கல் இல்லை. அடுத்து வரும் காம்ப்ட்ரோலரில் (Comptroller) நின்றுவிட்டோம். அவருக்கு அடுத்தபடியாக ட்ரெஷரர். இருவரையும் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது.

முதல் வரைவில் ஒருவரை ‘நிதி அலுவலர்’ என்றும் மற்றவரைப் ‘பொருளாளர்’ என்றும் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “அப்படியானால் பணம் யார் கையில் இருக்கும்?” என்று கேட்டார். என் சொற்களில் அதற்கு விடை இல்லை.

1970ஆம் ஆண்டின் மாநில அரசமைப்புச் சட்டத்தில் விடை இருக்கிறது. காம்ப்ட்ரோலர் மாநிலத்தின் மையக் கணக்கை வைத்திருப்பார். ட்ரெஷரர் வசமுள்ள நிதிகளில் பணம் சேரவும் வெளியேறவும் ஆணையிடுவார். ட்ரெஷரர் பணத்தைப் பாதுகாப்பார், முதலீடு செய்வார், காம்ப்ட்ரோலரின் ஆணை வந்தால் கொடுப்பார். ஒருவர் கையில் பேனா, மற்றவர் கையில் சாவி. இது பெயரிலேயே தெரிய வேண்டும். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து:

அம்மா, தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால் முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் இதே ஆங்கிலச் சொல் தலைமைத் தணிக்கையாளரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து இவரையும் ‘தணிக்கையாளர்’ ஆக்கிவிடாதீர்கள். செலவான பிறகு பார்ப்பது தணிக்கை. உங்கள் மாநிலத்தில் அந்த வேலைக்குச் சட்டமன்றம் நியமிக்கும் தனி அதிகாரி இருக்கிறார். காம்ப்ட்ரோலர் பணம் போவதற்கு முன்பே வாசலில் நிற்பவர்.

பல்கலைக்கழகங்களில் ‘தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்’ என்பது மாணவர் வாயில் புழங்கும் சொல். அதன் வழியில் ‘கணக்குக் கட்டுப்பாட்டாளர்’ என்று வைத்துவிடலாம்.

மதுரையிலிருந்து:

கட்டுப்பாடு என்பது அந்தச் சொல்லின் மூலப்பொருளே அன்று. இடைக்கால இலத்தீனில் ‘காண்ட்ரா’ என்றால் எதிர், ‘ரோட்டுலஸ்’ என்றால் சுருள். ஒருவர் எழுதும் கணக்கைச் சரிபார்க்க இன்னொருவர் வைத்திருந்த எதிர்ச்சுருளே இச்சொல்லின் பிறப்பிடம். பிரெஞ்சில் கணக்கைக் குறிக்கும் ‘கோம்ப்ட்’ என்ற சொல்லோடு தொடர்பு இருப்பதாகப் பிற்காலத்தார் தவறாக எண்ணி, நடுவில் ஒரு ‘ப்’ எழுத்தைச் செருகிவிட்டார்கள். ஆக ‘எதிரேட்டாளர்’ என்பதே வேருக்கு நெருங்கிய பெயர்.

அது வேண்டாம் என்றால் வள்ளுவரிடம் போவோம். “இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு.” வருவாய்க்கு வழி செய்தல், சேர்த்தல், காத்தல், காத்ததை வகுத்தல் என நான்கு வேலைகள். உங்கள் ட்ரெஷரர் செய்வது மூன்றாவது. காம்ப்ட்ரோலர் செய்வது நான்காவது. அம்மையார் கேட்ட கேள்விக்கு இந்த ஒன்றே முக்கால் அடியில் விடை இருக்கிறது. பெறுநர், இயக்குநர் போல ‘வகுநர்’ என்று வைக்கலாம். ‘நிதி வகுநர்’, ‘நிதிக் காப்பாளர்’. ஆறு, எட்டு எழுத்தில் முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கைக்கு, எங்களுக்குத் தணிக்கை என்றால் செய்தித்தாளில் வரி வெட்டுவது. கணக்கைப் பார்ப்பவர் கணக்காய்வாளர். பணம் இருக்கும் இடம் திறைசேரி. சோழர் கல்வெட்டில் ‘புரவுவரித் திணைக்களம்’ என்று வருகிறது. துறை என்ற பொருளில் அந்தத் ‘திணைக்களம்’ என்ற சொல் இன்றும் எங்கள் அரச அலுவலகப் பெயர்ப்பலகைகளில் உயிரோடு இருக்கிறது. அதே கல்வெட்டுகளில் திணைக்களத்துக் ‘கண்காணி’ என்ற அலுவலரும் வருகிறார். ஆயிரம் ஆண்டு பழைய, கலப்பில்லாத சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்? ‘நிதிக் கண்காணி’ என்று போடுங்கள்.

கண்டியிலிருந்து:

ஐயா, தயவுசெய்து அது வேண்டாம். கல்வெட்டில் அந்தச் சொல் எவ்வளவு கண்ணியமாக இருந்ததோ எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் அது கங்காணி ஆனது. கொழுந்தின் நிறை குறைந்த நாளில் என் பாட்டிக்கு அரைப்பேர்தான் விழும். முழுநாள் மலையில் நின்றவருக்கு அரைநாள் கூலி. செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேட்டில்) எழுதிய அந்த அரைப்பேரை மாற்றச் சொல்லி அவர் கங்காணி வீட்டு வாசலில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்தால் எங்கள் ஆட்களுக்கு வாக்குச்சீட்டே கசக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

மீளப் பெற்றுக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ‘கொடுப்பனவு ஆணையாளர்’ எப்படி?

டாம்பாவிலிருந்து:

அக்கா, எங்கள் புளோரிடாவில் இந்தக் குழப்பம் இல்லை. 1998இல் வாக்காளர்கள் அரசமைப்பைத் திருத்தி, காம்ப்ட்ரோலரையும் ட்ரெஷரரையும் ஒரே பதவியாக்கினார்கள். 2003 முதல் ‘தலைமை நிதி அலுவலர்’ ஒருவரே இருக்கிறார். மாநிலத் தீப்பாதுகாப்புத் தலைமை அலுவலரும் (ஃபயர் மார்ஷல்) அவர்தான். டெக்சாஸ் வாக்காளர்களும் ட்ரெஷரர் பதவியை ஒழித்துவிட்டார்கள்; அங்கே காம்ப்ட்ரோலர் வரியும் வசூலிக்கிறார். ஒரே பெயர், மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேலை. எனவே எல்லோருக்கும் பொருந்தும் சொல்லைத் தேடாதீர்கள். இல்லினாய்க்குப் பொருந்துவதைப் பாருங்கள்.

இன்னொன்று. வாக்குச்சீட்டில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நம் பெரியவர்கள் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுவார்கள். வாயால் சொல்லும்போது பலர் ‘கண்ட்ரோலர்’ என்கிறார்கள். அப்படி எழுதினால் சீட்டில் இருக்கும் எழுத்தோடு பொருந்தாது. ‘காம்ப்ட்ரோலர்’ என்று அந்த ‘ப்’ தெரியும்படி அச்சிடுங்கள். மதுரைப் பேராசிரியர் ஐயா பிழை என்று சொன்ன அதே எழுத்து இங்கே உதவுகிறது.

மயிலாப்பூரிலிருந்து:

தம்பி சொல்வது சரி. பேராசிரியருக்கு என் மறுப்பு இது. பணத்தை வகுப்பது சட்டமன்றம். இந்தத் துறைக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டில் பிரிப்பதே வகுத்தல். காம்ப்ட்ரோலர் அதன்படி ஆணையிடுபவர் மட்டுமே. ‘வகுநர்’ என்றால் இல்லாத அதிகாரத்தை அவருக்குக் கொடுத்ததாகிவிடும். தவிர, பள்ளிக்கூடம் போன எந்தத் தமிழருக்கும் வகுத்தல் என்றால் கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு அடுத்தது. யாழ்ப்பாணத்து ஐயாவின் ‘ஆணையாளர்’ எங்கள் பக்கம் அரசு நியமிக்கும் பதவியாக ஒலிக்கும். இவர் வாக்குக் கேட்டு வருபவர்.

மதுரையிலிருந்து:

பட்ஜெட்டே இல்லாதபோது வகுத்தவர் யார்? 2015 ஜூலை முதல் ஈராண்டு இல்லினாய் முழுமையான பட்ஜெட் இல்லாமல் ஓடியது. கொடுக்க வேண்டிய பாக்கி 1600 கோடி டாலரைத் தாண்டியது. இருக்கும் பணத்தில் இன்று முதியோர் இல்லத்துக்கா, பள்ளிக்கா, நீதிமன்றம் ஆணையிட்ட செலவுக்கா என்று வரிசை பார்த்தது அந்த அலுவலகம்தான். 2016 ஏப்ரலில் அப்போதைய காம்ப்ட்ரோலர் லெஸ்லி மங்கர், சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளமும் மற்றவர்களின் பில்களோடு வரிசையில் நிற்கட்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த சிறப்புத் தேர்தலில் சுசானா மெண்டோசாவிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தது ஒரு வகுநரை இல்லாமல் வேறு யாரை?

‘கணக்காயர்’ என்று யாராவது சொல்வதற்குள் அதையும் தடுத்துவிடுகிறேன். சொல் இனியது. ஆனால் கணக்காயர் என்றால் பழந்தமிழில் ஆசிரியர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் கருவூலக் குடும்பத்தார் அல்லர். கணக்கு என்ற சொல்லே நூலைக் குறித்தது. பதினெண்கீழ்க்கணக்கில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. இதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

நேப்பர்வில்லிலிருந்து:

பேராசிரியர் ஐயா, அந்த மடலை வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள்.

நேற்றிரவு வந்த சொற்களை எல்லாம் அம்மாவிடம் வரிசையாகப் படித்தேன். எதிரேட்டாளருக்குத் தலையசைக்கவில்லை. வகுநரைக் கேட்டு “வகுப்பெடுப்பவரா?” என்றார். பிறகு வேலையைச் சொற்களின்றி விளக்கினேன்: சாவி ஒருவரிடம், இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதுவது இன்னொருவரிடம். உடனே சொன்னார்: “பட்டுவாடா அதிகாரி. அப்பாவின் ஆலையில் சனிக்கிழமை பட்டுவாடா. காசாளர் கூண்டுக்குள் இருப்பார். பட்டுவாடாச் சீட்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு பைசா வெளியே வராது.”

மதுரையிலிருந்து:

அம்மையார் பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் பட்டுவாடா தமிழ்ச்சொல் அன்று. அச்சில் ஏற்றி நிலைநிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

கண்டியிலிருந்து:

எனக்கும் அது புதிய சொல். ஆனால் வாக்களிக்கப் போகிறவர் ஒருவர் தானாகச் சொன்ன ஒரே சொல் அதுதானே, ஐயா?

மயிலாப்பூரிலிருந்து:

ஒரு பழைய வழக்கைச் சொல்லி முடிக்கிறேன். 1956இல் இல்லினாயில் இந்த வேலையைச் செய்தவரின் பதவிப்பெயர் ‘பொதுக்கணக்குத் தணிக்கையாளர்’. அந்த நாற்காலியில் இருந்த ஆர்வில் ஹாட்ஜ் பொய்யான காசோலைகள் மூலம் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார். சிகாகோ நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்தியது. அவர் சிறைக்குப் போனார். 1970 அரசமைப்பு அந்தப் பதவியையே எடுத்துவிட்டுக் காம்ப்ட்ரோலரை வைத்தது. தணிக்கையைத் தனியே பிரித்துக் கொடுத்தது. பணம் கொடுப்பவரையே தணிக்கையாளர் என்று அழைத்த ஊர் அது. அந்தப் பெயர் மட்டும் கையேட்டில் எந்த மூலையிலும் வரக்கூடாது.

மதுரையிலிருந்து:

அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே உத்திரமேரூரில் விதி இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்லர், நெருங்கிய உறவினரும் கூடாது. தேர்தலையும் கணக்கையும் ஒன்றாகக் கட்டிய மொழி நம்முடையது. அதனால்தான் இந்தப் பதவிக்கு ஒட்டுச்சொல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நேப்பர்வில்லிலிருந்து:

வணக்கம். இன்று மாலை கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. எட்டுப் பேர் விருப்பம் தெரிவித்தீர்கள்; ஐவர் ‘கணக்குக் கட்டுப்பாட்டாளர்’. மற்ற மூவர் மூன்று சொல். பெரிய எழுத்தில் அச்சாவது இப்படி:

“கணக்குக் கட்டுப்பாட்டாளர். வாக்குச்சீட்டில் ‘காம்ப்ட்ரோலர்’ என்று இருக்கும். மாநிலப் பணத்தை யாருக்கு எவ்வளவு பட்டுவாடா செய்ய வேண்டும் என்று ஆணையிடுபவர். பணம் இவர் கையில் இருக்காது.”

கடைசி வரி அம்மாவுக்காக. 2016இல் வென்ற சுசானா மெண்டோசா இம்முறை போட்டியிடவில்லை. யார் வந்தாலும் புதியவர்தான் என்பதையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்லது தங்கை. ட்ரெஷரரை என்னவென்று போட்டீர்கள்? பொருளாளரா, திறைசேரியாளரா? அதை ஒருவரும் முடித்துவைக்கவில்லையே.

நேப்பர்வில்லிலிருந்து:

பொருளாளர் என்றுதான் போயிருக்கிறது, அண்ணன். சங்கத்துப் பொருளாளர் நினைவுக்கு வருவார் என்று தெரிந்தே விட்டேன். நேரம் இல்லை.

மதுரையிலிருந்து:

இரண்டும் தவறு. நிதிக் காப்பாளர், நிதி வகுநர். அடுத்து இந்தப் பதவிக்கு 2030இல் தேர்தல் வரும் அல்லவா? என் மறுப்பைக் கோப்பில் சேர்த்து வையுங்கள், அம்மா. கணக்காயர் பற்றிய மடல் நாளை வரும்.