நூறு தடவை கடந்தால் வேவுக் கப்பலா?

குருநகர்க் கடலோடி:
ரஷ்ய மீன்பிடி நிறுவனங்களான நொரேபோ, முர்மான் சீஃபூட் இரண்டையும் வேவு பார்ப்பதாகச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2025 மே 20 அன்று தடைப்பட்டியலில் சேர்த்தது. ஜூலையில் நோர்வேயும் சேர்ந்துகொண்டது. நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர் அந்தத் தடையை மெச்சி எழுதியிருந்தார். 2022 ஜனவரியில் முர்மான் சீஃபூடின் மெல்கார்ட்-5 என்ற இழுவைக் கப்பல், நோர்வேயின் வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகும் கடலடி கேபிளை நூறு தடவைக்கு மேல் கடந்ததாம். மீன் பிடிக்கிறவனுக்கு ஒரே இடத்தில் நூறு தடவை என்ன வேலை என்று கேட்கிறார். இருபது வருடம் இழுவைமடி வலை இழுத்தவன் சொல்கிறேன், அதுதான் வேலை! இழுவைக் கம்பியில் கை வைத்தால் அடியில் வலையை விரித்துப் பிடிக்கும் பலகை உரசும் அதிர்வு ஏறிவரும். சேறா கல்லா என்று கையே சொல்லும். நல்ல சேற்றுத் தடம் ஒன்று அகப்பட்டு, இறாலும் பட்டுவிட்டால், விடியும்வரை அதிலேயே போய்வருவோம். அதை விட்டுவிட்டு எவன் வேறிடம் போவான்?

நல்லூர் வாசகன்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். நேராகவே கேட்டிருக்கலாம். கேபிள் பழுதானது ஜனவரி 7 அன்று. மனிதச் செயலே காரணம் என்று நோர்வே காவல்துறை கருதியது. அந்த நாட்களில் இந்தக் கப்பல் அதற்கு மேலே நூறு தடவைக்கு மேல் போய்வந்திருக்கிறது. இதில் குருநகர் இறால் எங்கே வந்தது?

குருநகர்க் கடலோடி:
ஆதாரம் போதாது என்று அதே காவல்துறை விசாரணையை மூடியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள், மாஸ்டர்? பிள்ளைகளுக்கும் பாதிப் பாடம்தான் நடத்தினீர்களா?

நல்லூர் வாசகன்:
என் தொழிலை இழுக்க வேண்டாம். வழக்கு வேறு, தடை வேறு. ஒன்றியம் சொன்ன காரணங்களை வாசியுங்கள். இந்த நிறுவனங்களின் கப்பல்கள் நேட்டோ பயிற்சி நடக்கும் இடங்களுக்கு அருகே திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. நோர்வேயின் இராணுவத் தளங்களை ஒட்டிச் சுற்றியிருக்கின்றன. சிலவற்றில் உளவுக்குப் பயன்படும் கருவிகளும் இருக்கின்றன.

குருநகர்க் கடலோடி:
கருவி! இந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். போர்க்காலத்தில் இங்கே படையினர் தரும் பாஸ் இல்லாமல் படகு இறக்க முடியாது. என் தகப்பனார் வலை போட்ட இடத்தைக் குறிக்க ஒரு சிறிய ஜிபிஎஸ் வைத்திருந்தார். யாருக்கு இடம் குறிக்கிறாய் என்று கேட்டு, மத்தியான வெயிலில் கரை மணலில் அவரை முழங்காலில் வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மீனவன் கையில் கருவி இருந்தால் அவன் உளவாளி என்று எவன் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

பருத்தித்துறை மைந்தன்:
உங்கள் தகப்பனாருக்கு நடந்தது அநியாயம், அண்ணை. அதை ரஷ்யக் கம்பனிக்குக் கவசமாக்குவதும் அநியாயம்தான். நீங்கள் பெருமையாகச் சொல்லும் இழுவைமடி 2017 முதல் இலங்கையில் சட்டப்படி தடை. இந்திய றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும்போதும் ‘நல்ல சேற்றுத் தடம்’ என்று சொல்வீர்களா?

குருநகர்க் கடலோடி:
தம்பிக்கு, முன்பு இங்கே நடந்த கடலட்டைப் பண்ணை விவாதத்தில் நான் கொடுத்த பதில் இன்னும் ஆறவில்லை. இந்திய றோலரை எதிர்த்து நான் ஊர்வலம் போனவன். கேட்டது வேறு. நூறு தடவை கடப்பது குற்றமா, இல்லையா?

பருத்தித்துறை மைந்தன்:
கடலட்டைக் கணக்கை இங்கே கொண்டுவந்தது நீங்கள். அன்றும் பதில் சொல்லாமல் தொழில் அனுபவத்தைத்தான் காட்டினீர்கள்.

தீவகத்தாள்:
ஸ்வால்பார்டுக்கு இரண்டு கேபிள்கள். மற்றது தப்பியதால் தொடர்பு அறவில்லை. அதுவும் போயிருந்தால்? படகு ஓடாத நாளில் தீவில் கிடப்பது எப்படியென்று எங்களுக்குத் தெரியும்.

நல்லூர் வாசகன்:
நம் நாட்டையே பாருங்கள். 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 ஆய்வுக் கப்பல் என்ற பெயரில்தான் அம்பாந்தோட்டைக்கு வந்தது. பிறகு 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு அரசே கதவைச் சாத்தியது. சந்தேகம் வந்தால் எந்த நாடும் அதைத்தான் செய்யும்.

குருநகர்க் கடலோடி:
அது மடி இழுக்கிற கப்பலா? தலைப்பை மாற்றாதீர்கள். நூறு தடவைக்குப் பதில் எங்கே?

பருத்தித்துறை மைந்தன்:
பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கம்பியில் கை வைத்தால் சேறா கல்லா என்று தெரியும் என்றீர்கள். அப்படியானால் கேபிள் உரசியதும் அந்தக் கப்பல்காரனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் ஏன் திரும்பத் திரும்பப் போனான்?

குருநகர்க் கடலோடி:
கேபிள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தால் எந்தக் கைக்கும் தெரியாது. ஒருநாளாவது கம்பியைப் பிடித்துவிட்டு வந்து பேசுங்கள்.

நல்லூர் வாசகன்:
அப்படியானால் முதலில் எழுதியதைத் திருத்துங்கள்.

குருநகர்க் கடலோடி:
ஒரு எழுத்தையும் திருத்த மாட்டேன். ஆயிரம் தடவை கடந்தாலும் அது தொழில்தான்.